கடல் போட்ட உப்பு

மகனே,

உன் குரலிலேயே தெம்பு தெரிந்துவிட்டது. அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்து, “அம்மா, இன்னும் ரெண்டு வாரத்துல ஒன்பதாங்கிளாசுக்கு கரண்ட்டு பாடம் எடுக்கணும். உன் மண்ணு டப்பா இன்னும் வூட்ல கீதா?” என்று கேட்டதும் நான் சிரித்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. கொல்லிமலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குளிருக்குப் போர்வை கேட்கவில்லை, ஊறுகாய் கேட்கவில்லை, முதல் வேலையாக மண்ணைச் சோதிக்கிற டப்பாவைக் கேட்கிறாயே என்ற சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அது. டப்பா இருக்கிறது. உன் அப்பா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். தூசி தட்டி, ஆணிகளை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, புது பேட்டரி மாட்டி, இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். நீ கேட்காவிட்டாலும் போர்வையும் ஊறுகாயும் அதே பெட்டியில் இருக்கின்றன.

அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. எஞ்சினீயரிங் படித்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மரத்துண்டு, அதில் நாலு விரல் இடைவெளி விட்டு அடித்த இரண்டு பித்தளை ஆணிகள், ஒன்பது வோல்ட் பேட்டரி, முள் அசைகிற ஒரு சின்ன மீட்டர், மண்ணைப் போட ஒரு டப்பா. ஆணிகளை மண்ணில் செருகினால், அந்த மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதோ அந்த அளவுக்கு முள் நகரும். ஆனால் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது சில விஷயங்கள் கவனித்துக்கொள். ஒவ்வொரு மண்ணிலும் ஆணி ஒரே ஆழத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஒரு மண்ணிலிருந்து எடுத்து அடுத்ததில் செருகுவதற்கு முன்னால் ஆணியைத் துடைக்கச் சொல். துடைக்க உன் வேட்டியைக் கிழிக்க வேண்டாம், பழைய துணி வைத்திருக்கிறேன். தண்ணீர் விஷயத்திலும் ஜாக்கிரதை. நம் திருவொற்றியூர் போர்வெல் தண்ணீரில் செய்தால் தண்ணீரின் உப்பே முள்ளைத் தூக்கிவிடும், மண்ணின் குணம் தெரியாது. நான் கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். உங்கள் மலையில் மழைத் தண்ணீரே கிடைக்குமே, அதைப் பிடித்து வைத்துக்கொள்.

இதை எல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். கடிதமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அந்த டப்பாவுக்கு ஒரு கதை இருக்கிறது. அது உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையும் நான் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. நீ கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டே, “இன்னைக்கு என் கிளாஸ்ல ஒரு பொண்ணு மண்ணுல உப்பக் கலந்து எடுத்துக்கினு வந்து என்னையே ஏமாத்தப் பார்த்தா” என்று சொன்னேன். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்தப் பெண் உப்புக் கலக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை இத்தனை வருஷமாக நான் உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது நீயும் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்கப் போகிறாய். அதனால் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. நாற்பது பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் கடத்திகள், கடத்தாப் பொருள்கள் என்று செம்பும் ரப்பரும் மரக்கட்டையும்தான் இருந்தன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது. அவரவர் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கை மண் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். மறுநாள் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மணலி ஏரிக்கரையிலிருந்து களிமண் வந்தது. நர்சரியில் வாங்கிய ரோஜாச்செடிப் பையைப் பிரித்து ஒருத்தி செம்மண் கொண்டு வந்தாள். வள்ளூரில் மாமா வீடு இருக்கிற ஒரு பையன் அனல்மின் நிலையத்துச் சாம்பலையே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். எண்ணூர் கழிமுகத்துக் கறுப்புச் சேற்றை ஒருவன் மூடி போட்ட பக்கெட்டில் கொண்டு வந்து திறந்ததும், முன் பெஞ்ச் மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், செம கலீஜா கீது மிஸ்” என்று கத்தியது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருகிற தினேஷ் மட்டும் வெறுங்கையோடு நின்றான். “மிஸ், நாங்க மூணாவது மாடி. எங்க வூட்டாண்ட மண்ணே இல்ல, சிமிட்டிதான் கீது” என்றான். அவனைச் சேற்று பக்கெட்டுக்குக் காவல் வைத்தேன்.

முதலில் சேற்றைத் தவிர மற்ற எல்லா மண்ணையும் காய்ந்தபடியே சோதித்தோம். முள் அசையவே இல்லை. பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு ஒவ்வொரு மண்ணிலும் அரை டம்ளர் தண்ணீர் விட்டோம். களிமண்ணில் முள் சட்டென்று எழுந்து நின்றபோது வகுப்பே கை தட்டியது. காய்ந்த மண் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சுவர் மாதிரி, தண்ணீர் பட்டதும் மண்ணில் இருக்கிற உப்புகள் அதில் கரைகின்றன, கரைந்த உப்புதான் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போகிறது என்று சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. நான் செய்த தப்பு, சோதனையை ஆரம்பிப்பதற்கு முன்பே விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டது. முதலில் களிமண், அடுத்து செம்மண், கடைசியில் மணல். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். மணலில் தண்ணீர் தங்காது, உப்பும் குறைவு. இருபது வருஷமாக அறிவியல் எடுக்கிறவளுக்கு இது தெரியாதா என்ற நினைப்பு. பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்து முடித்துவிட்டேன்.

கடைசியாக ஜெசிந்தாவின் முறை வந்தது. மீனவக் குப்பத்துப் பெண். அவள் அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண் அவளுக்கு. வீட்டுக்கு எதிரில் கடற்கரையில் அள்ளிய மணலை ஒரு பையில் கொண்டு வந்திருந்தாள். ஆணியைச் செருகியதும் முள் களிமண்ணைத் தாண்டி, சேற்றையும் தாண்டி, கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. நான் பலகையைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். எனக்குப் பலகைதான் சரியாகப் பட்டது. “இதுல உப்பு கலந்திருக்கியா?” என்றேன்.

“நான் இன்னாத்துக்கு மிஸ் உப்பு போடப் போறேன்? கடல்தான் போட்டுக்கீது” என்றாள் ஜெசிந்தா.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெரிந்த பதிலைச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது திமிராகக் கேட்டது. நாற்பது பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் என்னைக் கிண்டல் செய்துவிட்டாள் என்று பட்டது. மணலை வெளியே கொட்டிவிட்டு வாசலிலேயே நில் என்று அனுப்பிவிட்டேன். மற்றவர்களைப் பலகையில் இருப்பதைப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். அவள் மணலைக் கொட்டவில்லை. பையை முடிச்சுப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, பாடவேளை முடிகிற வரைக்கும் வாசலில் நின்றாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்கு அந்தத் தோசைக் கதையைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டுகளைத் திருத்தினேன். முப்பத்தொன்பது நோட்டில் மணல் கடைசியில் இருந்தது. ஒரே ஒரு நோட்டில் மணல் முதலில். பக்கத்தில் முள் எந்தக் கோட்டில் நின்றது என்பதும் எழுதியிருந்தது. மற்ற மண்ணுக்கெல்லாம்கூட அவள் முள்ளைப் பார்த்து எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை, நான் செய்யச் சொல்லவும் இல்லை. சிவப்பு மையில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். போட்ட பிறகு கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஒரு பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணலை அள்ளிக்கொண்டு வந்து, சமையல்கட்டில் டப்பாவில் போட்டுக் கேன் தண்ணீர் விட்டு ஆணியைச் செருகினேன். முள் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டில் முட்டியது. பிறகு அதே மணலை அரிசி களைகிற பாத்திரத்தில் போட்டு மூன்று தரம் கழுவினேன். மறுபடியும் செருகினால் முள் லேசாகத் துடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. புத்தகம் சொன்னது கழுவின மணலை. ஜெசிந்தா கொண்டு வந்தது நம் ஊர் மணலை. இரண்டுமே சரி. நான் மட்டும்தான் தப்பு. அப்போது உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னா, இன்னிக்கு மண்ணுச் சோறா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை. அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். ஒத்துக்கொண்டால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஜெசிந்தா வழக்கம்போல இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, அமைதியாகத்தான் இருந்தாள். கையை மட்டும் தூக்குவதில்லை. முன்பெல்லாம் சந்தேகம் கேட்க முதலில் எழுகிற கை அவளுடையது. தெரியாமல் செய்த தப்பு ஒரு நாளைக்கு. தெரிந்த பிறகும் மூடி வைத்தது மூன்று வாரத்துக்கு.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் பள்ளிக்கூடத்துக் குழாய் பிள்ளைகளைக் கடிக்க ஆரம்பித்தது. வெயில் உச்சத்தில் இருந்த சமயம். குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார், அதை ஒட்டி இரும்புக் குழாய்கள். “மிஸ், கொயா கடிக்குது மிஸ்” என்று சின்னப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், விரல் நுனியில் ஊசி குத்தியது போல இருந்தது. மோட்டாரில் எங்கேயோ மின்சாரம் கசிகிறது. கசிந்தாலும் அது தரைக்குள் இறங்கிப் போய்விட வேண்டும் என்பதற்காகத்தான் எர்த்துக் குழி தோண்டிக் கம்பி புதைக்கிறோம். எலக்ட்ரீஷியன் பாஷா பாய் வந்து பார்த்தார். “வெயில்ல மண்ணு காஞ்சுகீது டீச்சர். எர்த்துக் குழில டெய்லி ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க. மோட்டாரக் கயட்டி நாளானிக்கி பாக்கறேன்” என்று முதல் இரண்டு பக்கெட்டை அவரே ஊற்றிவிட்டுப் போனார். அப்போதைக்குக் கடிக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பக்கெட் ஊற்றியும், மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டம்ளரோடு பின்னால் தூக்கி எறியப்பட்டு விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, ரொம்பப் பயம், நல்லவேளை அவ்வளவுதான். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். தலைமையாசிரியை குழாயைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். அந்த வெயிலில் ஒரு பள்ளிக்கூடமே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா வந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளாக வந்து என்னிடம் பேசினாள்.

“மிஸ், அந்த எர்த்துக் குழி மண்ண நம்ம டப்பால வெச்சிப் பாக்கலாமா?”

“ஏன்மா?”

“இல்ல மிஸ். காலைல தண்ணி ஊத்தினாங்க இல்ல, நான் பாத்துகினே இருந்தேன். ரெண்டு பக்கெட்டும் சர்ருன்னு உள்ள பூட்ச்சு. களிமண்ணா இருந்தா அப்டி போவாது. நம்ம ஏரி மண்ணுல ஊத்தினப்போ எவ்ளோ நேரம் மேலயே நின்னுச்சு?”

எனக்குக் கன்னம் சுட்டது. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பாடத்தைப் படித்திருந்தாள். மெயின் அணைந்திருக்கிறதா என்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்து வந்தேன். எர்த்துக் குழி ஓரத்து மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். முள் நகரவே யோசித்தது. கரண்டியால் இன்னும் கொஞ்சம் தோண்டினேன். உள்ளே மண்ணே இல்லை. உடைந்த செங்கல், பூச்சுக் காரை, கட்டட மணல். எப்போதோ மதில் கட்டியபோது மிச்சமான இடிபாட்டை அங்கே கொட்டி மூடியிருக்கிறார்கள், அதற்குள்ளேயே குழியும் தோண்டியிருக்கிறார்கள். ஊற்றின தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும், அரைமணி நேரத்தில் குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். சாயங்காலத்துக்குள் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு முழுவதும் டப்பாவும் கரண்டியுமாக மைதானத்தில் இறங்கிவிட்டது. இந்தத் தடவை நான் எதையும் எழுதிப் போடவில்லை. இடத்தை அவர்கள் சொன்னார்கள், எண்ணை ஜெசிந்தா குறித்தாள். சத்துணவுக் கூடத்துப் பின்பக்கம், கொடிக்கம்பத்தடி, சைக்கிள் நிறுத்துமிடம், பூவரசு மரத்தடி. பூவரசு மரத்தடியில் இரண்டடிக்குக் கீழே நல்ல கறுப்புக் களிமண். முள் சட்டென்று எழுந்தது. தன் வீட்டில் மண்ணே இல்லாத தினேஷ்தான் அந்தக் குழியைத் தோண்டியவன், “கண்டுபுட்ச்சிட்டேன் மிஸ்!” என்று குதித்தான்.

மறுநாள் பாஷா பாய் தன்னுடைய பெரிய மீட்டரைக் கொண்டு வந்து அதே இடத்தை அளந்து பார்த்தார். “இன்னா டீச்சர், ஊரெல்லாம் மிஷின் வெச்சி நாங்க தேடற எடத்த ரெண்டு ஆணில புட்ச்சிட்டீங்க?” என்றார். பூவரசு மரத்தடியில் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கி, மோட்டாரின் கசிவையும் சரி செய்தார். இரண்டு நாளில் குழாய் சாதுவாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னை மேடைக்கு அழைத்தார். நம் அறிவியல் ஆசிரியையின் அறிவுக்கூர்மையால் ஒரு பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது என்று பேசினார். பள்ளிக்கூடம் மொத்தமும் கை தட்டியது. நான் மைக்கை வாங்கி, “நன்றி” என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மேடைக்கு நாலு படி. இரண்டு படி இறங்கியதும் ஒன்பதாம் வகுப்பு வரிசை கண்ணில் பட்டது. ஜெசிந்தாவும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். மெய்யாகவே சந்தோஷமாகத் தட்டினாள். அதற்கு மேல் என் கால் இறங்கவில்லை. மறுபடியும் மேலே ஏறி மைக்கைக் கேட்டு வாங்கினேன். தலைமையாசிரியை வாழ்த்துப் பாடப் போகிறேனோ என்று பார்த்தார்.

என்ன பேசினேன் என்று வரிக்கு வரி நினைவில்லை. கண்டுபிடித்தது நான் இல்லை, ஒன்பதாம் வகுப்பு ஜெசிந்தா என்று சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கொண்டு வந்த மணலை நான் நம்பவில்லை, வெளியே நிற்க வைத்தேன், அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தேன், அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். சிரிப்பார்கள் என்று மூன்று வாரம் பயந்தேனே, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்றவள் அவள் முதுகில் தட்டியதும் வரிசையே ஆர்ப்பரித்தது. வழிபாட்டுக் கூட்டத்தில் விசில் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். விசில் அடித்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. தினேஷாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் பாடவேளையில் அவள் நோட்டோடு மேஜைக்கு வந்தாள். சிவப்புப் பெருக்கல் குறியை அழித்துத் தருகிறேன் என்று மை அழிக்கிற ரப்பரை எடுத்தேன். “வாணாம் மிஸ், அது இருக்கட்டும். கீய நீங்க எயுதிக் கையெயுத்து போடுங்க” என்றாள். போட்டேன். ‘ஜெசிந்தாவின் அளவீடு சரி. ஆசிரியையின் முடிவு தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்போ எங்க நோட்டெல்லாம் தப்பா மிஸ்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “மறுபடியும் எயுதணுமா?” என்று முப்பத்தொன்பது பேரும் அலறினார்கள். எழுதத்தான் வைத்தேன். ஆனால் மறுபடியும் சோதனை செய்து, அவரவர் முள்ளை அவரவரே பார்த்து எழுத வைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பாடத்தை நடத்தும்போது, முதலில் பிள்ளைகளின் ஊகத்தை எழுதி வாங்கிக்கொள்வேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நாம் பேசாமல் நிற்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டம். நீயும் பழகிக்கொள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் முடிக்க முடியாது. மணலி கம்பெனியில் நல்ல எஞ்சினீயர் வேலையை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. “என்னை மாதிரி தொண்டை கிழியக் கத்தணும்னு உனக்கென்ன தலையெழுத்து?” என்றேன். ஒரு மாதம் உன்னோடு சாப்பாடு இருக்கிறது, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை. உன் அப்பா ஒரு நாள் பொறுக்க முடியாமல், “அவன் வாத்தியாரானா உனுக்கு இன்னா பேஜாரு? நீயே வாத்தியாருதானே?” என்று கேட்டார். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணூரில் வயர்மேன் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களுக்கு நீ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட நான் வந்து பார்க்கவில்லை. உன் அப்பா போயிருக்கிறார். உனக்குத் தெரியாது. வாசலுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்து, “நம்ம புள்ள சொல்றது எனுக்கே பிரியுது” என்றார். கிரேன் ஓட்டுகிற மனிதர், அவருக்குப் புரிகிற மாதிரி நீ எர்த்திங் பாடம் நடத்தியிருக்கிறாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நீ எது செய்தால் நன்றாக இருப்பாய் என்று உன்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் எழுதிப் போட்டிருந்தேன். ஜெசிந்தாவிடம் மூன்று வாரத்தில் கேட்ட மன்னிப்பை உன்னிடம் கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. சென்ட்ரலில் ரயிலேற்ற வந்தபோது கேட்க நினைத்தேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று மட்டும்தான் வாயில் வந்தது. இப்போது எழுதுகிறேன். தப்பு என்னுடையதுதான், மகனே.

ஜெசிந்தா என்ன ஆனாள் என்று கேட்பாய். நர்ஸ் ஆகிவிட்டாள். தேரடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். போன மாதம் தலைசுற்றல் என்று நான் போனபோது அவள்தான் ரத்த அழுத்தம் பார்த்தாள். எனக்கு எப்போதுமே நார்மல்தான்மா என்றேன். “இருங்க மிஸ், மெஷின் இன்னா சொல்லுதுன்னு பாத்துட்டு சொல்றேன்” என்று கையில் பட்டையைச் சுற்றினாள். நார்மல் இல்லை. இப்போது தினமும் காலையில் ஒரு மாத்திரை. கவலைப்படாதே, உப்பைக் குறைத்துவிட்டேன், உன் அப்பாதான் குழம்பைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். மே மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். காலையில் எழுந்து எங்கேயும் ஓட வேண்டாம் என்பது இப்போதைக்குக் கொஞ்சம் பயமாகவும் ரொம்ப ஆசையாகவும் இருக்கிறது.

உங்கள் மலைச் செம்மண்ணில் முள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிள்ளைகள் பார்த்துச் சொன்னதும் எனக்கு எழுது. ஈரம், உலர்ந்தது, மிளகுத் தோட்டத்து மண், ஓடைக்கரை மண், எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். முள் ஏதாவது புரியாத இடத்தில் நின்றால் இன்னும் சந்தோஷமாக எழுது. பேட்டரி இரண்டு அதிகமாக வைத்திருக்கிறேன். மலையில் பனி பெய்யும்போது காதை மூடிக்கொண்டு தூங்கு.

ஜூனில் பள்ளி திறந்ததும் நானும் உன் அப்பாவும் வருகிறோம். அவர் இந்தத் தடவையும் வாசலுக்கு வெளியேதான் நிற்பாராம், கூச்சமாம். எனக்குக் கடைசி பெஞ்சில் ஓர் இடம் வைத்திரு. ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவேன். பிள்ளைகள் முன்னால் அம்மா என்று கூப்பிட்டுவிடாதே. மற்றவர்களைப் போலப் பேரைச் சொல்லிக் கூப்பிடு, எழுந்து நின்று கேட்கிறேன்.

உன் அம்மா